பண்ணை முட்டை நுழையாத சமையலறை

அன்று காலை எட்டு மணிக்கு எங்கள் ஓட்டலின் சிற்றுண்டிக் கூடத்தில் இருந்தவர்கள்: வட்டாரக் கோழிப்பண்ணைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் குழந்தைவேல், அவருடைய செயலாளர், இருவருக்கும் பின்னால் தட்டோடு வரிசையில் நின்ற அறுபது பண்ணைக்காரர்கள், பரிமாறுபவர்கள் நான்கு பேர். இல்லாதவர்களும் நான்கு பேர். பொது மேலாளர் ஏற்காட்டில் இருந்தார். என் மேலதிகாரி மேகலா மேடம் சேலத்திலிருந்து வரும் பேருந்தில் இருந்தார். தலைமைச் சமையல்காரர் பழனி அண்ணன் கோபத்தில் இருந்தார், அதாவது பின்வாசலில். விற்பனைப் பிரிவின் எக்சிக்யூட்டிவ் ஆகிய நான் பூக்கடையில் இருந்தேன். தலைவருக்கு மாலை போட்டுப் படம் எடுப்பது என் ஏற்பாடு. மாலையோடு திரும்பி வந்தபோது கூடத்தில் அறுபத்திரண்டு வெறும் தட்டுகள் இருந்தன. ஆட்கள் இல்லை.

இதை எழுதச் சொன்னது வரவேற்பு மேசையில் இருக்கும் திவ்யா. போன மாதம் எனக்கு வழியனுப்பு டீ கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறவனுக்கு என்ன சொல்லி வழியனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. 'பதவி நீக்கப்படுகிறது' என்று கடிதத்தில் இருந்தது. என்னை யாரும் நீக்கவில்லை. பதவியைத்தான் நீக்கினார்கள். நான் அதில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது அறைகளைச் செல்போன் செயலிகள் விற்கின்றன. செயலிக்குப் பெட்ரோல்படி தர வேண்டியதில்லை. அது பூக்கடைக்கும் போகாது.

"அண்ணா, அந்த முட்டைக் கதையை எழுதி வெச்சுட்டுப் போங்க. புதுசா வர்றவங்களுக்குச் சொல்ல ஆகும்" என்றாள் திவ்யா.

"இந்த வேலைக்குப் புதுசா யாரு வரப் போறாங்க?" என்று கேட்டேன். அவள் டீயைக் குடித்தாள்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். அப்பா லாரிக்கு லோடு ஏற்றினார். அம்மா பாவாயி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். ஓட்டல் மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தபோது அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "பரோட்டாவுக்கா மூணு வருசம்?" என்று கேட்டார். அந்த மூன்று வருடத்தில் கைத்துணியை அன்னப்பறவையாக மடிக்கவும், பதினோரு வகைக் கரண்டிகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கவும், கண்ணாடி முன் நின்று சிரிக்கவும் கற்றுக்கொண்டேன். சிரிப்பு மட்டும்தான் பின்னால் பயன்பட்டது, அதுவும் பாதி நாள்.

சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில், எண்பது அறை கொண்ட ஓட்டலில் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினேன். கோழியும் விவசாயத்தில்தானே வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எக்சிக்யூட்டிவ் என்றால் டை கட்ட வேண்டும் என்றார்கள். அந்தச் சமயம் அம்மாவுக்குப் பண்ணையில் நாளுக்கு இருபது ரூபாய் கூடியிருந்தது. "வேற ஷெட்டுக்கு மாத்தியிருக்காங்க சாமி, டீக்காசு தனியாத் தாராங்க" என்றாள். என் முதல் டை அந்த டீக்காசில் வாங்கியது. கருநீலம், குறுக்கே வெள்ளைக் கோடு. எட்டு மாதம் தகுதிகாண் பருவம். அது முடிந்ததும் வேலை நிரந்தரமாக வேண்டும்.

எங்கள் பொது மேலாளர் சென்னையிலிருந்து வந்தவர். யோசனைகள் நிறைந்த மனிதர். வந்த முதல் வருடமே, ஆடி மாதத்தில் கல்யாண மண்டபம் காலியாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு, ஆடியில் திருமணம் வைப்போருக்குப் பாதி வாடகை என்று நெடுஞ்சாலை ஓரம் பெரிய பலகை வைத்தார். ஒரு மாதத்தில் வந்த விசாரணை ஒன்றே ஒன்று. ராசிபுரத்துக்காரர் ஒருவர் போன் செய்து, "ஏனுங்க, உங்க ஊட்டுல பெரியவங்க யாரும் இல்லீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்த அழைப்பையும் மேலாளர் 'விசாரணைகள்: 1' என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

மேகலா மேடம் வேறு ரகம். திருச்சிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் பருத்திப் புடவை. குரல் உயர்த்தியதே இல்லை. நேற்றுச் சேர்ந்த எனக்கும் 'நீங்க'தான். சிவப்புப் பேனா ஒன்றைக் கைப்பையில் தனி உறையில் வைத்திருப்பார். அவரிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஓட்டலில் அச்சாகிற எந்த எழுத்துக்கும், குளியலறைச் சோப்பு உறையாக இருந்தாலும், அவருடைய சிவப்புக் கையெழுத்து வேண்டும். இரண்டாவது விதி வாடிக்கையாளரைப் பார்த்து வந்தபின் எழுதும் அறிக்கையைப் பற்றியது. காலையில் மூன்று பேரைப் பார்க்க வேண்டும், மதியத்துக்கு மேல் மூன்று பேர். ஆளுக்கு ஒரு பக்கம்.

நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கை, 'மிகவும் அன்பாகப் பேசினார்' என்று தொடங்கியது. அதைச் சிவப்பில் அடித்தார்.

"முருகேசன், அவங்க பேசினதை எழுதாதீங்க. பேச்சு நமக்காகப் பேசினது. மேசை மேல என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க. அது அவங்களுக்காக இருக்கறது."

அன்றிலிருந்து மேசைகளை எழுதினேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர் மேசையில் ஐந்து போன், ஒன்றுக்கும் மணி அடிக்கவில்லை. லாரி பாடி கட்டுகிற பட்டறைக்காரர் மேசையில் மகளின் மதிப்பெண் பட்டியல், கண்ணாடிச் சட்டம் போட்டது. இப்படி எழுதிக்கொண்டே போனதில், யாருக்கு எதை எப்போது விற்கலாம் என்று எனக்கே கொஞ்சம் பிடிபட்டது. மகளின் கல்யாணத்துக்குப் பட்டறைக்காரர் எங்கள் மண்டபத்தை எடுத்தார். ஆவணியில்.

கோழிப்பண்ணைச் சங்கத் தலைவர் குழந்தைவேலை நாமக்கல்லில் அவர் அலுவலகத்தில் ஆறு முறை பார்த்தேன். சங்கத்தின் ஆண்டுக் கருத்தரங்கு: மூன்று நாள், நாற்பத்தெட்டு அறை, மண்டபம், மூன்று வேளைச் சாப்பாடு. எங்கள் ஓட்டல் அதுவரை பார்த்திராத பெரிய ஏற்பாடு. ஐந்து முறை, "பாக்கலாமுங்க தம்பி" என்றார். ஆறாம் முறை, "சரி, வாரோம். ஆனா எங்காளுங்க வாய்க்கு நேரா பேசறவங்க, மரியாதை கொறைஞ்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. பாத்துக்கோங்க" என்றார். அந்த ஆண்டு முழுவதும் எனக்குச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான எச்சரிக்கை அதுதான். அறிக்கையில் அதை எழுதவில்லை, பேச்சு என்பதால். மேசையை எழுதினேன்: 'கால்குலேட்டர் இரண்டு. சின்னத் தராசு. முட்டை இரண்டு, ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு.' மேகலா மேடம் ஓரத்தில் சிவப்பில் 'பழுப்பு ஏன்?' என்று எழுதித் திருப்பினார். நான் அதற்குப் பதில் எழுதவில்லை. நாற்பத்தெட்டு அறை விற்றவனிடம் முட்டையின் நிறம் கேட்கிறாரே என்று கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

தலைவர் எனக்குச் சொல்லாமல் விட்டதும், நான் அவருக்குச் சொல்லாமல் விட்டதும் ஒவ்வொன்று இருந்தன. என் பங்கு இது: குழந்தைவேலின் பண்ணையில்தான் என் அம்மா பதினெட்டு வருடமாக முட்டை பொறுக்கினாள். டையும் அதுவுமாக அவர் முன்னால் உட்கார்ந்திருந்த என்னை அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

இனி கார்டு. தகுதிகாண் பருவத்தின் ஏழாவது மாதத்தில் என்னை நான்கு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர், பசித்தவனுக்குச் சோறு போதும், காசுள்ளவனுக்குச் சோற்றோடு கதையும் வேண்டும் என்று நான்கு நாளும் சொன்னார். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு கதையைச் சின்னக் கார்டில் எழுதி மேசையில் வைக்கச் சொன்னார். திரும்பி வந்ததும் எங்கள் காலைச் சிற்றுண்டி மேசையைப் பார்த்தேன். இட்லிக்குக் கதை இல்லை, பொங்கலுக்கும் இல்லை. முட்டை இருந்தது. பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் விரும்புகிறார்கள் என்று ஒரு தரகர் மூலம் நாட்டுக்கோழி முட்டை வாங்கிக்கொண்டிருந்தோம். பழுப்பு முட்டைகள், பன்னிரண்டு பன்னிரண்டாக, வைக்கோல் பிரியை முறுக்கிக் கட்டிய கூட்டுக்குள் வைத்து வரும். அந்தக் கூடு அத்தனை அழகு. அதைப் பார்த்துத்தான் எழுதினேன்:

'எங்கள் முட்டைகளுக்குக் கூண்டு தெரியாது. ஊசி தெரியாது. விடிந்ததும் திறந்துவிட்டால் தோட்டமெல்லாம் மேய்ந்து, பொழுது சாய்ந்ததும் தாமே வீடு திரும்பும் நாட்டுக்கோழிகள் இட்டவை இவை. கிராமத்துக் கைகள் பின்னிய இந்த வைக்கோல் கூட்டைப் பாருங்கள். பண்ணை முட்டை எங்கள் சமையலறைக்குள் நுழைவதில்லை.'

மேகலா மேடம் அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார், கருத்தரங்கு தொடங்கும் அன்றுதான் திரும்ப வேண்டும். பொது மேலாளரிடம் காட்டினேன். கடைசி வரியை இரண்டு முறை படித்து, தடித்த எழுத்தில் போடச் சொன்னார். பழனி அண்ணன் மட்டும் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, முட்டை ஊர்ல உக்காந்துக்கிட்டு முட்டையவே வையறீங்களே" என்றார். நான் அவருக்குக் கதையின் முக்கியத்துவத்தை விளக்கினேன். அவர் வெங்காயம் நறுக்கினார்.

கார்டு மூன்று வாரம் மேசையில் நின்றது. பெங்களூர்க்காரர்கள் படம் எடுத்துப் போனார்கள். பிறகு சங்கத்தின் கருத்தரங்கு வந்தது. முதல் நாள் காலைக்காக நான் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்: மைக், நாற்காலி, தண்ணீர்ப் புட்டி, மாலை. கார்டையும் சரிபார்த்தேன். ஓரத்தில் சட்னிக் கறை பட்டிருந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் அறுபத்திரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள், இதை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாக அச்சடித்து வைக்கலாம் என்று தோன்றியது. வைத்தேன். பழனி அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத்தான் பின்வாசலுக்குப் போனார்.

நடந்ததைப் பரிமாறியவர்கள் சொன்னார்கள். தலைவர்தான் வரிசையில் முதல் ஆள். செயலாளர் அவருக்காகக் கார்டைச் சத்தமாகப் படித்திருக்கிறார், முதல் வரியில் சிரித்துக்கொண்டு, கடைசி வரியில் சிரிக்காமல். தலைவர் கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தட்ட வெச்சுப்போட்டு வாங்கப்பா. நம்மளையெல்லாம் இவங்க சமையக்கட்டுல சேத்த மாட்டாங்களாமா" என்று சொல்லி வெளியே நடந்திருக்கிறார். ஒருவர்கூடக் கை நனைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்தவர் கை நனைக்காமல் எழுந்து போவது, அடித்துவிட்டுப் போவதை விட மோசம்.

ஒன்பது மணிக்கு மேகலா மேடம் வந்தபோது பாதிப் பெட்டிகள் வேனில் ஏறியிருந்தன. செயலாளர் வாசலில் நின்றார். "நாலு மணிக்கு நாமக்கல்லுல வேற எடம் சொல்லியாச்சுங்க மேடம். நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. நாங்க ஊசி போட்டவங்க, ஒட்டிக்கும்."

மேடம் என்னைத் திட்டவில்லை. கார்டைப் படித்தார். தன் கையெழுத்து இருக்க வேண்டிய மூலையைப் பார்த்தார். "நல்ல தமிழ்" என்றார். அதை விடப் பெரிய திட்டு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பிறகு, தலைவர் முட்டையை என்ன செய்தார் என்று பரிமாறியவர்களிடம் மறுபடியும் கேட்டார்.

"பையில போட்டுக்கிட்டாருங்க."

"உடைக்கலையா? கீழ வீசலையா?"

"இல்லீங்க. பதனமாப் போட்டுக்கிட்டாரு."

மேடம் என் அறிக்கைக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். 'பழுப்பு ஏன்?' என்ற பக்கத்தைத் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன்ல மன்னிப்புக் கேட்டுக்கலாமா மேடம்?" என்றேன்.

"போன்ல கேக்கறது நமக்காக. நேர்ல போறதுதான் அவங்களுக்காக. வெத்தலை பாக்கு, தேங்காய், பழம் ஒரு தட்டுல வாங்கிக்குங்க. பொக்கே வேண்டாம். அந்த வைக்கோல் கூடு, முட்டையோட, அதையும் எடுத்துக்குங்க."

"அது எதுக்குங்க மேடம்?"

"சண்டைக்குக் காரணமான பொருளை அவங்க கையில ஒப்படைச்சுடுவோம்." அவ்வளவுதான் சொன்னார்.

தலைவர் பண்ணைக்குப் போய்விட்டார் என்றார்கள். காரில் போகும்போது என் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும் கடிதம் வர வேண்டும், அது இனி வராது என்று ஒரு பக்கம் ஓடியது. இன்னொரு பக்கம், அம்மாவுக்கு இது காலை ஷிப்ட். அவள் அங்கேதான் இருப்பாள்.

பண்ணை வாசலில் கார் டயருக்கு மருந்து அடித்தார்கள். நோய் உள்ளே வராமல் இருக்க, ஆட்களும் சிமெண்டுத் தொட்டியில் தேங்கிய மருந்துத் தண்ணீரில் கால் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். மேகலா மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, முகம் சுளிக்காமல் இறங்கி ஏறினார். வாசலை ஒட்டியே முட்டை அறை. கூரை உயரத்துக்கு டிரேக்கள், ஒவ்வொன்றிலும் முப்பது வெள்ளை முட்டை. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவர். சுற்றிலும் முட்டை அடுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர். மூலையில் அம்மா. என்னைப் பார்த்தாள். கையிலிருந்த முட்டையை டிரேயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"வாங்க மேடம்" என்றார் தலைவர். "எல்லாம் ஊசி போட்டது. நடுவுல உக்கார்றீங்களா, இல்ல வெளிய நாற்காலி போடச் சொல்லட்டுங்களா?"

"இங்கேயே உக்கார்றேங்க ஐயா." மேடம் உட்கார்ந்தார். தட்டை நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தட்டு இருக்கட்டும். அந்தக் கார்டை எழுதினது யாரு?"

"நானுங்க."

"நீங்களா தம்பி? ஆறு தடவ வந்து என்ற மேசைல டீ குடிச்சீங்களே, அப்பத் தெரியலீங்களா நான் எந்த முட்டை விக்கறேன்னு? சரி, கார்டு இருக்குதா? படிங்க. எங்காளுங்களும் கேக்கட்டும். இவங்களுக்குப் படிக்கத் தெரியாது பாருங்க."

படித்தேன். இதுவரை நான் எழுதியதிலேயே மிக நீளமானது அந்தக் கார்டுதான் என்று அப்போது தெரிந்தது. விடிந்ததும் திறந்துவிட்டால் என்ற இடத்தில் ஒரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'பண்ணை முட்டை எங்கள் சமையலறைக்குள் நுழைவதில்லை' என்பதை அவசரமாகப் படித்து முடிக்கப் பார்த்தேன். தடித்த எழுத்து வேறு.

"முட்டைக்கு எப்படிச் சாமி கூண்டு தெரியும்?" என்று மூலையிலிருந்து கேட்டது. அம்மா.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் தன்னை மீறி உதட்டைக் கடித்தார். "ஏ பாவாயி, நீயே கேக்கற பாரு! அப்படிக் கேளு!"

"எம்பட பையனுங்க" என்றாள் அம்மா.

சிரிப்பு நின்றது. தலைவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். மேகலா மேடம் என்னை மட்டும் பார்த்தார், 'தாயார் தொழில்: விவசாயம்' என்ற வரியைத் தேடுவதைப்போல.

"இந்த முட்டையப் பொறுக்கித்தான உன்னப் படிக்க வெச்சேன்?" அம்மா சத்தம் போடவில்லை. சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள். "அதுல என்ன கொறைன்னு எழுதி வெச்ச?"

அந்த இடத்தில்தான் மேகலா மேடம், "முருகேசன், அந்தக் கூட்டை ஐயாகிட்டக் குடுங்க" என்றார். "ஐயா, இந்த முட்டை இனிமே எங்களுக்கு வேண்டாம். உங்ககிட்டயே ஒப்படைச்சுடறோம்."

நான் வைக்கோல் கூட்டை நீட்டினேன். தலைவர் கையை நீட்டவில்லை. சற்று அவசரமாக, "அது எதுக்குங்க, அக்கட்டால வைங்க" என்றார். அம்மா வந்து என் கையிலிருந்து வாங்கினாள். கீழே வைக்கப் போனவள் நின்றாள். பிரியின் முடிச்சைக் கட்டை விரலால் தடவினாள்.

"இது நம்ம ஆறாம் ஷெட்டு முட்டைங்களே."

முட்டை அடுக்கிய பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தப் பிரி நான் முறுக்குனதுங்க. எடக்கைப் பக்கமா மடிச்சுச் சொருகுவேன், வேற யாரும் அப்படிச் சொருக மாட்டாங்க. வெள்ளி வெள்ளி வேன்ல வந்து எடுத்துட்டுப் போவாங்களே, அதுதானுங்க." பிறகு என்னைப் பார்த்து, "இதையா கண்ணு மேஞ்சுட்டு வருதுன்னு எழுதுன? அது பொறந்ததுல இருந்து கூண்டை உட்டு எறங்குனதே இல்லியே!"

பழுப்பு ஏன் என்பதற்குப் பதில் அதுதான். ஆறாவது ஷெட்டில் மட்டும் பழுப்பு முட்டை இடுகிற பண்ணைக்கோழிகள். அதே கூண்டு, அதே தீவனம், அதே ஊசி. முட்டையை வைக்கோலில் வைத்தால் நாட்டுக்கோழி, விலை இரண்டு மடங்கு. நாட்டுக்கோழி முட்டை என்று பொய் சொல்லி விற்கிறார்கள் என்று போன வருடக் கருத்தரங்கில் அரை மணி நேரம் ஆவேசமாகப் பேசியவர் குழந்தைவேல்தான். காலையில் கூட்டைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொருவர் கையில் எடுத்துப் பார்க்கும் முன் எல்லாரையும் வெளியே கூட்டிப்போயிருக்கிறார். கோபமும் உண்மைதான், அவசரமும் உண்மைதான்.

இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. மேகலா மேடம் ஒரு கணம்கூட ஆச்சரியப்படவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்தார்.

"நெறைய சந்தோஷங்க ஐயா. அப்ப நாங்க ஏற்கெனவே உங்க வாடிக்கையாளர்தான். தெரியாமப் போச்சு. நமக்குள்ள எதுக்குத் தரகர்? நேரடியாவே வாங்கிக்கறோம். வெள்ளையே குடுங்க."

தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார், பயந்தவர் சிரிக்கிற சிரிப்பு. தட்டை வாங்கிக்கொண்டார். "கை நனைச்சுட்டுத்தான் போகோணும் மேடம். ஊட்டுல சொல்லியுடறேன், முட்டைக் கொழம்பு."

"நான் முட்டை சாப்பிட மாட்டேங்க ஐயா. சைவம்."

"அடச் சாமி! முட்டையே திங்காத அம்மணியா எனக்கு முட்டை ஞாயம் சொன்னீங்க? உங்க ஆளு திம்பாருல்ல?"

மேடத்துக்கு ரசம் வந்தது. மேடத்தின் பங்கையும் சேர்த்து நான் நான்கு முட்டை தின்றேன். நான்கு மணிக்கு வேன்கள் திரும்பி வந்து பெட்டிகளை இறக்கின. இரவு விருந்தில் அறுபத்திரண்டு பேரும் சாப்பிட்டார்கள். செயலாளர் மட்டும் என் காதில், "எப்படி தம்பி சமாதானம் பண்ணுனீங்க?" என்று மூன்று முறை கேட்டார். மேசையில் புதுக் கார்டு, மூலையில் சிவப்புக் கையெழுத்தோடு: 'நாமக்கல் முட்டை.' அவ்வளவுதான் கதை.

திரும்பும் வழியில் மேடத்திடம் கேட்டேன், "உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"நீங்க எழுதினதைத்தான் நான் படிச்சேன், முருகேசன். நீங்கதான் படிக்கலை." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்க அம்மா அங்க இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கூட்டை எடுத்திருக்க மாட்டேன்" என்றார். அதை ஏன் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

மாதக் கடைசியில் நிரந்தரக் கடிதம் வந்தது. 'நெருக்கடியைத் திறம்படக் கையாண்டதற்காக' என்று பொது மேலாளர் பாராட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார். ஏற்காட்டிலிருந்து வந்த பிறகு அவரே கையாண்டதாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார் என்பது வேறு விஷயம். அதன்பின் பதினைந்து வருடம் பல ஊர்களில் பல மேசைகளைப் பார்த்தேன். வாழப்பாடி மரவள்ளி வியாபாரி மேசையையும், ஜவுளிக்காரர்கள் மேசையையும். நாட்டுக்கோழி என்ற சொல்லை மட்டும் மறுபடி அச்சில் ஏற்றவில்லை. குழந்தைவேலின் ஆறாவது ஷெட்டு இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம் நிற்கிறது. எங்களுக்கு அது போட்டி. அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

அம்மா அந்தப் பண்ணையில் இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்தாள். வேலையை விட்ட அன்று கூட வேலை செய்த செல்லம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். "நீ பண்ணைக்கு வந்துட்டுப் போன அடுத்த திங்கக்கெழமையே உங்கம்மாவ ரெண்டாம் ஷெட்டுக்கு மாத்திப்போட்டாங்க, தெரியுமா? ஆறாம் ஷெட்டு டீக்காசு டீக்கா குடுத்தாங்க? வாயத் தெறக்காம இருக்கறதுக்கு."

அம்மாவைக் கேட்டேன். தெரிந்துதான் சொன்னாளா?

"என்னத்தத் தெரிஞ்சு? எம்பட கை வேலை எனக்குத் தெரியாதா?"

"மாத்தினதையாவது ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? கார்டு அடிச்சு வெச்சிருப்பியா?"

அந்த முட்டையால் ஓட்டலுக்கு ஆன செலவு, மாலை, பழத்தட்டு, புதுக் கார்டு எல்லாம் சேர்த்து எண்ணூற்று முப்பது ரூபாய். அதையும் மேகலா மேடம் விளம்பரக் கணக்கில் எழுதினார். எங்கள் வீட்டுக்கு ஆனது, நின்றுபோன டீக்காசு நாளுக்கு இருபது ரூபாய் வீதம், வருடத்துக்கு முந்நூறு நாள், ஆறு வருடம்: முப்பத்தாறாயிரம் ரூபாய்.